மொட்டைக் கடிதமும் நல்வாய்மையும்



எண்வகை வழியில் மூன்றாவதாக நிற்பது நல்வாய்மை. பொய், புறங்கூற்று, கடுமொழி, வீண்பேச்சு ஆகிய நான்கினின்றும் நீங்குதலே அதன் இலக்கணமென்று பலமுறை பாடம் கேட்டிருக்கிறோம். பஞ்சசீலம் ஏற்குந்தோறும் நான்காவது சீலத்தை வாயாரச் சொல்லியும் வருகிறோம். ஆனால் ஒருவன் வாயினாற் சொல்லாமல் தாளில் எழுதி, கீழே பெயரும் இடாமல், பிறர் வீட்டுக் கதவிடுக்கிற் செருகிவிட்டுச் சென்றால், அச்சொல் யாருடையது? அதனை எந்தச் சீலத்தின்கீழ் வைத்து ஆராய்வது? இதுவே இம்மாதப் பாடம். இதனை யான் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதனை முதற்கண் கூறிவிடுகின்றேன்.

1. நிகழ்ந்தது

நம் படிப்பகத்தில் அன்பர்கள் எழுதும் கையெழுத்து ஏடு ஒன்று வைக்கப்பட்டிருப்பது உங்களுக்குத் தெரியும். அதில் ஓர் இளம்பெண் தன் குடும்ப வரலாற்றை எழுதினாள். அவள் பாட்டனார், 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கை மலைத்தோட்டங்களினின்றும் தாயகம் திரும்பி, நிக்கோபாரைச் சேர்ந்த கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்களுள் ஒருவர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அத்தீவை அழித்தபின் அக்குடும்பம் இங்கு வந்தது. தன் தந்தையார் திரிசரணம் ஏற்ற நாளைப்பற்றியும், அன்றுமுதல் தம் வீட்டில் சாதிப் பெயர் வழங்காமையைப்பற்றியும் அவள் எளிய தமிழில் எழுதியிருந்தாள்.

பத்து நாட்களுக்குள் அவள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. மூன்றே வரிகள். அவள் குடும்பத்தின் பழைய சாதியைச் சொல்லி இகழ்ந்து, ‘பெயரை மாற்றினால் பிறப்பு மாறுமோ?’ என்று கேட்டிருந்தது. கையொப்பம் இல்லை.

யான் ஆறுதல் சொல்லச் சென்றபோது அப்பெண் கூறிய சொற்கள் இவை: “பெரியப்பா, அவர் யாரென்று தெரிந்திருந்தால் நேரே போய், நான் எழுதியதில் எது பொய் என்று கேட்டிருப்பேன். தெரியாததனால், கூட்டத்தில் என்னைப் பார்த்துச் சிரிக்கிற ஒவ்வொருவரையும் இவரோ, இவரோ என்று நினைக்கிறேன்.”

அன்பர்களே, மொட்டைக் கடிதத்தின் தீமையை இதைவிடத் தெளிவாக எந்த ஆசிரியரும் கூறவியலாது. எழுதியவன் ஒருவன், ஐயத்திற்கு உள்ளாவதோ ஊர் முழுவதும். அவன் அப்பெண்ணை மட்டும் புண்படுத்தவில்லை. அவளுடைய முகமலர்ச்சிக்கு உரிய நல்லார் அனைவரையும் அவளிடமிருந்து பறித்துவிட்டான். அவள் இன்றுவரை மீண்டும் எழுதவில்லை.

2. பெயர் மறைத்தல் யாவும் குற்றமோ?

அவ்வாறு கூறுதல் பிழையாகும். பெயரைச் சொல்லாமையில் பலவகை உண்டு.

குறுந்தொகைப் புலவர் சிலருடைய இயற்பெயரை நாம் அறியோம். அவர் பாடலிற் கண்ட அருந்தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று வழங்குகின்றோம். அப்பெயரின்மையால் எவர்க்கும் தீங்கு விளைந்ததில்லை.

புனைபெயர் மற்றொரு வகை. புதுமைப்பித்தன் என்று எழுதியவர் சொ. விருத்தாசலம். அப்பெயர்க்கு வந்த புகழையும் வசையையும் தாங்கியவர் அவரே. புனைபெயருக்குப் பின்னால் மறுமொழி சொல்ல ஓர் ஆள் நிற்கின்றார்.

பெயரை மாற்றிக்கொள்ளுதல் இன்னொரு வகை. காத்தவராயன் என்னும் இயற்பெயருடைய நம் பண்டிதர், தம் ஆசிரியர்பால் கொண்ட நன்றியினால் அயோத்திதாசர் என்று பெயர் பூண்டார். அப்பெயருடனேயே 1907 ஜூன் 19ஆம் நாள் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கி, மாற்றார் எழுப்பிய தடைகளுக்கெல்லாம் வெளிப்படையாய் விடையிறுத்தார். நம்மிற் பலர் தம்மம் ஏற்றபோது புதுப்பெயர் பூண்டோம். இழிவாகச் சுமத்தப்பட்ட பெயரை இறக்கிவைத்தல் ஒளிதல் அன்று, நிமிர்ந்து நிற்றலாகும்.

ஆகவே பெயரில்லாமை தானே குற்றமாகாது. பிறர்மீது ஒரு சொல்லை எறிந்துவிட்டு, அச்சொல்லுக்குரிய பொறுப்பினின்றும் தப்புதற்காகப் பெயரை மறைப்பதே குற்றம். முன்னது அடக்கமாகவோ காப்பாகவோ இருக்கலாம், பின்னது கரவு.

3. விநயம் காட்டும் வழி

ஒருவர் குறையை மற்றொருவர் எடுத்துரைக்கும் முறையைப் பகவான் சங்கத்தாருக்கு நுணுக்கமாக வகுத்தருளினார். அம்முறை இல்லறத்தார்க்கும் பொருந்தும்.

முதலாவது, இசைவு கேட்டல். ஒரு பிக்கு மற்றொரு பிக்குவின் குற்றத்தைக் கூற விரும்பினால், ‘தங்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன், இடந்தருக’ என்னும் கருத்துப்பட முதலில் அவருடைய இசைவைப் பெறவேண்டும். இசைவு கேட்பவன் தன் முகத்தைக் காட்டாமல் கேட்க முடியுமோ?

இரண்டாவது, ஐந்து உரைகற்கள். சொல்வது காலத்திற்கு ஏற்றதா, உண்மையா, மென்மையானதா, பயன் தருவதா, அன்புள்ளத்தினின்றும் பிறந்ததா என்று சொல்வோன் தன்னையே வினவிக்கொள்ளல் வேண்டும். மொட்டைக் கடிதம் உண்மை என்னும் கல்லில் ஒருகால் தேறினும் தேறலாம். அன்பு என்னும் கல்லில் தேறுதல் அரிது. அன்புடையவன் தான் யாரென்று சொல்ல ஏன் அஞ்சவேண்டும்?

மூன்றாவது, எதிர்முகத் தீர்வு. வழக்குகளைத் தணிக்கும் ஏழு முறைகளுள் முதலாவது ‘சம்முகா விநயம்’ எனப்படும். சம்முகம் என்றால் நேர்முகம். சம்பந்தப்பட்டவர் எதிரில் இல்லாதபோது அவர்மீது தீர்ப்பளித்தல் கூடாது என்பது அதன் சாரம்.

இதற்கு இரண்டு வரலாறுகளைக் கூறுவேன். தப்ப மல்லபுத்தர் என்னும் பிக்கு, வந்த பிக்குகளுக்கு உறைவிடமும் உணவு முறையும் ஒதுக்கித்தரும் பணியில் இருந்தார். தமக்கு நல்லுணவு கிட்டவில்லையென்று சினந்த சில பிக்குகள், தாம் மறைவில் நின்றுகொண்டு, மேத்தியை என்னும் பிக்குணியின் வாயால் அவர்மீது பெரும்பழி சுமத்தினர். பகவான் சங்கத்தைக் கூட்டி, தப்பரை எல்லார் நடுவிலும் நிறுத்தி நேரே வினவினார். பழி பொய்யென்று வெளிப்பட்டது, தூண்டியவர்களும் ஒப்புக்கொண்டனர். அடிப்படையின்றிக் கொடும்பழி சுமத்துவது சங்கம் கூடித் தீர்க்கவேண்டிய பெருங்குற்றமென்னும் விதி இதனால் எழுந்தது. பிறர் வாயின்பின் ஒளிவதும் தாளின்பின் ஒளிவதும் ஒன்றே என்பதை ஈண்டு உணர்க.

இதற்கு நேர்மாறானது விசாகையின் வரலாறு. உதாயி என்னும் பிக்கு ஒரு பெண்ணுடன் மறைவிடத்தில் தனித்து அமர்ந்திருந்ததை அவ்வம்மையார் கண்டார். ஊரெங்கும் பேசித் திரியவில்லை. அவரிடமே சென்று, இது தகாது என்று முகத்துக்கு நேரே கூறினார். அவர் செவிசாய்க்காதபோது பிக்குகளிடம் முறையிட்டார். நம்பத்தக்க உபாசிகையின் சொல்லை ஏற்று விசாரிக்கும் விதி அதனால் அமைந்தது. சொல்லியவர் விசாகை என்பதனாலன்றோ அச்சொல்லுக்கு அவ்வளவு ஆற்றல் உண்டாயிற்று!

4. இத்தீவின் நினைவு

பெயரற்ற சொல் எவ்வளவு தீமை செய்யக்கூடும் என்று ஐயுறுவோர், நம் தீவின் வரலாற்றை நினைக்க. 1942 மார்ச் 23ஆம் நாள் ஜப்பானியப் படை அந்தமானைக் கைப்பற்றியது. பிரிட்டிஷாருக்கு ஒற்றுச் செய்தார்கள் என்னும் ஐயம் தீவெங்கும் பரவியது. ஐயம் கைதாயிற்று; கைது சித்திரவதையாயிற்று; சித்திரவதையில் வெளிவந்த பெயர்கள் மேலும் கைதுகளாயின. இந்திய சுதந்திரச் சங்கத்தின் இவ்வூர்த் தலைவராயிருந்த மருத்துவர் திவான் சிங், செல்லுலார் சிறையில் வதைக்கப்பட்டு 1944 ஜனவரி 14ஆம் நாள் உயிர்நீத்தார். அம்மாதம் 30ஆம் நாள் ஹம்ப்ரிகஞ்சில் 44 பேர் சுடப்பட்டு மாண்டனர். இன்று அவ்விடத்தில் நினைவுச்சின்னம் நிற்கின்றது.

நம் வீட்டுக் கதவிடுக்கிற் செருகப்படும் துண்டுத்தாளை இப்பேரழிவோடு ஒப்பிடுவது மிகையென்று சிலர் கருதலாம். அளவில் ஒப்பில்லை, உண்மைதான். ஆனால் வித்து ஒன்றே. சொன்னவனை எதிரில் நிறுத்தி, ‘நீ கண்டாயா, கேட்டாயா, ஊகித்தாயா?’ என்று வினவ வழியில்லாத இடத்தில் ஐயமே சான்றாகிவிடுகின்றது. நம் பாட்டன்மார் காலத்தில் இம்மண் அதனைக் கண்டது.

5. எளியோர் அச்சம்

இனி மறுபக்கத்தையும் நோக்குவோம். வலியவன் செய்யும் கொடுமையை எளியவன் பெயரிட்டுச் சொன்னால் அவன் கதி என்ன? நம் முன்னோர் பண்ணையிலும் தோட்டத்திலும் ஆலையிலும் வாய் திறந்து பட்ட பாட்டை நாம் மறந்தோமில்லை.

செல்லுலார் சிறையின் கொடுமைகளை ஹோதிலால் வர்மா என்னும் கைதி எழுதி, காவலைக் கடந்து அனுப்பிய கடிதம், சுரேந்திரநாத் பானர்ஜியின் ‘பெங்காலி’ இதழில் 1912ஆம் ஆண்டு வெளியாயிற்று. அக்கடிதம் சென்ற வழி கரவானது. அதனைக் கரவென்று யார் இகழ்வார்? வலியவனுடைய கொடுமையை எளியவன் உலகுக்குச் சொல்ல வேறு வழியில்லை.

அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று உண்டு. நெடுஞ்சாலைப் பணியில் நடந்த ஊழலைப்பற்றிச் சத்தியேந்திர துபே என்னும் பொறியாளர் 2002ஆம் ஆண்டு பிரதமருக்கு எழுதினார். தம் பெயரை உரியவர்க்குத் தெரிவித்து, அதனை வெளியிடவேண்டாமென்றும் வேண்டினார். ஆயினும் அப்பெயர் பல மேசைகளில் உலவிற்று. 2003 நவம்பர் 27ஆம் நாள் கயாவில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். புலனாய்வுத் துறை அதனை வழிப்பறிக் கொலை என்றது. 2010ஆம் ஆண்டு மூவர் தண்டிக்கப்பட்டனர். எவ்வாறாயினும், மறைக்குமாறு வேண்டிய பெயர் காக்கப்படாமை நாட்டின் உள்ளத்தை உறுத்தியது. 2004 ஏப்ரலில் நடுவண் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி ஊழலைப்பற்றி முறையிடுவோர் தம் பெயரை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திற்குத் தெரிவிக்கவேண்டும். ஆணையம் அப்பெயரை மறைவாகக் காக்கவேண்டும். பெயரே இல்லாத முறையீடு அவ்வாணையின்கீழ் ஏற்கப்படுவதில்லை.

இவ்வேற்பாட்டின் அறிவை உற்று நோக்குக. பெயர் உலகுக்கு மறைக்கப்படுகின்றது. நம்பத்தக்க ஒருவர்க்கு வெளிப்படுத்தப்படுகின்றது. இருபத்தைந்து நூற்றாண்டுகட்கு முன்னர்ப் பகவான் வகுத்த முறையும் இதற்கு ஒத்ததே. சங்கத்தில் கருத்து வேறுபாடு எழுந்தால் சலாகை என்னும் குச்சிகளைக்கொண்டு பெரும்பான்மை அறிவர். அதனை வெளிப்படையாகவும் செய்யலாம், செவியில் ஓதியும் செய்யலாம், மறைவாகவும் செய்யலாம். ஆனால் குச்சி கொடுப்பவர் நடுநிலையும் நற்குணமும் உடையவராகத் தெரிந்தெடுக்கப்படவேண்டும். ஆகவே அச்சமுள்ள இடத்தில் மறைவு தகும். அம்மறைவையும் நம்பத்தக்க ஒருவர் அறிந்திருத்தல் வேண்டும்.

இப்பொழுது அளவுகோல் நம் கையில் இருக்கின்றது. சொல் யாரை நோக்கிச் செல்கின்றது? கீழிருந்து மேல்நோக்கி, அதிகாரமுடையவன் செய்த தீங்கைச் சொல்லச் செல்கின்றதா? அங்கே மறைவு காப்பாகும். அல்லது, எவ்வதிகாரமும் இல்லாமல் தன் வாழ்வை எழுதிய ஒருத்தியின் வீட்டை நோக்கிச் செல்கின்றதா? அங்கே மறைவு ஆயுதமாகும்.

6. கடைப்பிடிக்கவேண்டிய ஒழுக்கம்

எழுதுவோர்க்கு: ஒருவர் தம்மைப்பற்றி எழுதியது அவர் வீட்டுத் திண்ணை போன்றது. வழிப்போக்கரும் அமரலாம் என்று அவர் திறந்து வைத்திருக்கிறார். அமர்வோர் தாம் யாரென்று சொல்லி அமர்தலே மரியாதை. கருத்து மாறுபட்டால் மாறுபாட்டைச் சொல்லலாம். எழுதியதைப்பற்றிச் சொல்லவேண்டுமேயன்றி எழுதியவர் பிறப்பைப்பற்றிச் சொல்லுதல் ஆகாது. எழுதி முடித்ததும், ‘இதனை அவர் முகத்தைப் பார்த்து யான் சொல்வேனோ?’ என்று கேட்டுக்கொள்க. சொல்லமாட்டேன் என்று நெஞ்சம் விடை தந்தால் தாளைக் கிழித்துவிடுக. அச்சத்திற்கு உண்மையான காரணம் இருப்பின், நம்பத்தக்க ஒரு மூத்தாரிடம் பெயருடன் சொல்லி அவர் வாயிலாகத் தெரிவிக்க.

பெறுவோர்க்கு: கையெழுத்தை ஆராய்ந்து ஆளைத் தேடப் புகாதீர்கள்; தேடத் தொடங்கினால் குற்றமற்றவர் மீதே முதலில் கண் விழும். கடிதத்தில் மெய்யான குறை ஏதேனும் சுட்டப்பட்டிருந்தால், யார் சொன்னார் என்று பாராமல் அதனைத் திருத்திக்கொள்க. மெய்யில்லையேல் நால்வர்க்குப் படித்துக் காட்டாதீர்கள். படித்துக் காட்டுவோர் அவனுடைய வேலையை அவனுக்காகச் செய்கின்றனர். அச்சுறுத்தல் இருப்பின் தாளைப் பாதுகாத்துக் காவல்நிலையத்திற் கொடுக்க. பெயர் மறைத்து அச்சுறுத்துவதற்குத் தனியே கூடுதல் தண்டனை உண்டு. முன்னர் இந்தியத் தண்டனைச் சட்டம் 507ஆம் பிரிவில் இருந்த அவ்விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதையின் 351ஆம் பிரிவில் உள்ளது.

சங்கத்தார்க்கு: பெயரில்லாக் கடிதத்தைக் கூட்டத்தில் படித்தல் கூடாது. ஊழியர்மீது வரும் பெயரற்ற, பொய்ப்பெயர் முறையீடுகளின்மேல் நடவடிக்கை வேண்டாமென்று 1999 ஜூன் 29ஆம் நாளே மேற்சொன்ன ஆணையம் சுற்றறிக்கை விடுத்தது. ஓர் அரசு அலுவலகத்திற்கு உள்ள அடக்கம் அறச்சங்கத்திற்கு வேண்டாவோ? ஆனால் இத்தோடு நம் கடமை முடியவில்லை. பெயரிட்டுக் குறை சொன்னவரை நாம் முகம் சுளித்து ஒதுக்கியிருந்தால், மொட்டைக் கடிதத்தை வளர்த்தவர் நாமே. மழைக்காலத் தவம் முடிந்த நாளில் பிக்குகள் ஒருவரையொருவர் நோக்கி, என்னிடம் கண்டதோ கேட்டதோ ஐயுற்றதோ ஆகிய குறையைக் கூறுக என்று தாமே வேண்டிக்கொள்ளும் பவாரணை முறையை நினைக்க. பேச்சின்றி ஊமையர்போல் கூடி வாழ்ந்ததைப் பெருமையாகச் சொன்ன பிக்குகளைப் பகவான் கண்டித்த பின்னரே அம்முறை ஏற்பட்டது. நாமும் ஆண்டுக்கு ஒரு மாலை அவ்வாறு கூடுவோம். உபாசகர் ஒருவரையும் உபாசிகை ஒருவரையும் குறை கேட்பதற்கென்று அமர்த்துவோம்.

முன்பெல்லாம் சென்னையிலிருந்து கடிதம் கப்பலேறி இங்கு வர மூன்று நாட்களாயின. எழுதியவன் சினம் தணிய அவகாசம் இருந்தது. 2020 ஆகஸ்ட் 10ஆம் நாள் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பித்தடம் தொடங்கப்பட்டபின், கைபேசியில் ஒரு நொடியில் வசைச்சொல் கடல் தாண்டுகின்றது. வேகம் கூடக்கூட ஐந்து உரைகற்களும் கைக்கருகில் இருத்தல் வேண்டும்.

7. என் கடன்

இறுதியாக, இப்பாடத்தை உங்களுக்குச் சொல்லும் தகுதி எனக்கு எவ்வாறு வந்தது என்பதைச் சொல்லிவிடுகின்றேன். தாய்நிலத்தில் ஒரு நூற்பாலையில் இருபத்திரண்டு வயதில் வேலை செய்தபோது, எங்கள் பகுதி மேஸ்திரி கழிவுப் பஞ்சைத் திருடுகிறார் என்று நிருவாகத்துக்கு யான் ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். அவர் பஞ்சு மூட்டையுடன் வெளியே சென்றதை என் கண்ணாற் கண்டேன். விலை கொடுத்து வாங்கியதற்குச் சீட்டு வைத்திருந்தார் என்பதைக் கண்டேனில்லை. விசாரணை முடிவதற்குள் அவமானம் தாளாமல் அவர் வேலையை விட்டுப் போனார். சீட்டு இருந்த செய்தி பின்னர்த்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் இருக்குமிடம் தேடிச் சென்றேன். என்னை அன்போடு வரவேற்று, “தம்பி, சாப்பிட்டாயா?” என்று கேட்டு, தம் இலையருகே எனக்கும் ஓர் இலை போட்டார். நான் உண்டேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பினேன். மறுமுறை சென்றபோது அவர் இல்லை. இறந்து ஓராண்டு ஆகியிருந்தது.

அன்பர்களே, கடிதத்தில் என் பெயர் இருந்திருந்தால் அவர் என்னை மறுத்திருப்பார், யான் திருந்தியிருப்பேன், அவரும் என்னை மன்னித்திருப்பார். பெயரைக் கீழே இடுவது தண்டனை பெறுவதற்காக மட்டும் அன்று. மறுமொழிக்கும் மன்னிப்புக்கும் அதுவே வாயில். அவ்வாயிலை யான் என் கையாலேயே அடைத்துக்கொண்டேன்.

அப்பெண்ணுக்குக் கடிதம் எழுதியவர் இதனைப் படிப்பவராயிருந்தால், அவர்க்கு ஒன்று சொல்வேன். ஐயா, அல்லது அம்மா, அவளுடைய வீடு அருகில்தான் இருக்கிறது. அவள் இருக்கின்றாள். உமக்கு இன்னும் காலம் இருக்கின்றது.

படிப்பு வட்டத்தில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. புனைபெயருக்கும் மொட்டைக் கடிதத்துக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. விசாகை செய்த முறையில் எத்தனை படிகள் உள்ளன? ஒவ்வொன்றையும் விளக்குக.

3. பெயரை மறைத்தல் எப்பொழுது காப்பாகும்? எப்பொழுது ஆயுதமாகும்?

4. நம் சங்கத்தில் பெயரிட்டுக் குறை சொன்ன ஒருவரை நாம் எவ்வாறு நடத்தினோம் என்று நினைவுகூர்ந்து, உண்மையைக் கூறுக.